நாலு பேர் வாசித்ததை ஒருவர் வாசிப்பது: மோங்கோ சாந்தாமரியாவின் வழி

கேள்வி இது: ஜாஸ் மேடையில் ஆப்ரோ-கியூபன் நாட்டார் தாளங்களைக் கலந்து பெயர் வாங்கிய காங்கா (கையால் வாசிக்கும் உயரமான கியூப முரசு) கலைஞர் ஒருவரின் தொழில் வாழ்க்கை எப்படி அமைந்தது? "கலந்தார்" என்கிறார்களே, எதை எதில் கலந்தார்? காங்கா பழகுகிற ஒருவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

இதற்கு மோங்கோ சாந்தாமரியாவை எடுத்துக்கொள்கிறேன். காரணம், அவருடைய இரண்டு பக்கமும் ஒலித்தட்டுகளாகக் கிடைக்கின்றன. நாட்டார் பக்கம் தனியாக இருக்கிறது, ஜாஸ் பக்கமும் தனியாக இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், எது எங்கிருந்து எங்கே போனது என்று காதிலேயே பிடிபடும்.

முதலில் "கலப்பு" என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடலாம். பாலும் தண்ணீரும் மாதிரி இரண்டை ஒன்றாக ஊற்றிய வேலை இல்லை இது. கியூபாவின் நாட்டார் தாளம் குறைந்தது நாலைந்து பேர் சேர்ந்து செய்வது. ஜாஸ் குழுவில் காங்காகாரருக்கு ஒரு நாற்காலி, ஒரு சம்பளம், அவ்வளவுதான் உண்டு. அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது, விட்டதை வேறு யார் கையில் கொடுப்பது என்பதுதான் மோங்கோ முப்பது நாற்பது வருஷம் பார்த்த வேலை. பெருக்கல் இல்லை, கழித்தல்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1917-இல் ஹவானாவின் ஹெசூஸ் மரியா பகுதியில் பிறந்தவர். பழைய குறிப்புகள் பலவற்றில் 1922 என்று இருக்கும். சிறுவயதில் வயலின் கற்கப் போய், அதை விட்டுவிட்டு முரசுக்கு வந்தார். பகலில் தபால்காரர் வேலை, ராத்திரியில் வாசிப்பு. 1940-களின் கடைசியில் மெக்சிகோ, 1950-இல் நியூயார்க். கொஞ்ச காலம் பெரெஸ் பிராதோவின் நடன இசைக்குழு, 1951 முதல் 1957 வரை டிட்டோ புவெந்தேயின் குழு, பிறகு மேற்குக் கரையில் வைப்ரபோன் கலைஞர் கேல் ஜேடரின் குழு. புவெந்தேயிடம் கூட இருந்த தாளக் கலைஞர் வில்லி போபோவும் ஜேடரிடம் சேர்ந்தே போனார். 1960-களின் தொடக்கத்தில் சொந்தக் குழு. 1963-இல் "வாட்டர்மெலன் மேன்" அமெரிக்க பாப் பட்டியலில் 10-ஆம் இடம். 1977-இல் வந்த "டான்" ஆல்பத்துக்கு கிராமி. 2003 பிப்ரவரி 1-இல் மயாமியில் காலமானார்.

வரலாறு அவ்வளவுதான். அவர் கையில் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம்.

அவர் தெருவில் கற்றது ரும்பா. ரும்பா என்றால் மேலைநாட்டு நடனப் போட்டிகளில் அந்தப் பெயரில் ஆடுகிற நடனம் இல்லை. ஹவானா, மத்தான்சாஸ் ஊர்களின் துறைமுகக் கூலிகளும் பொதுமுற்றக் குடியிருப்புச் சனங்களும் வளர்த்த பாட்டு, முரசு, ஆட்டம். மூன்று வகை உண்டு. யாம்பு மெதுவானது, பழையது. குவாகுவாங்கோ வேகமானது, ஆணும் பெண்ணும் ஆடும் துரத்தல் ஆட்டம். கொலும்பியா பன்னிரண்டெண் நடை, மரபாக ஆண் தனியாக ஆடுவது. மூன்றிலும் வேலைப் பங்கீடு ஏறக்குறைய ஒன்றுதான். அடித்தளத்துக்கு ஒரு தாழ்ந்த முரசு, அதற்குப் பதில் சொல்ல ஒரு நடு முரசு, ஆடுபவரோடு பேச உச்சத்தில் கின்தோ, மூங்கிலிலோ மரப்பெட்டியிலோ குச்சியால் தட்டும் ஒருவர், ஐந்தடி வாக்கியம் ஒன்றைத் திரும்பத் திரும்பத் தட்டும் கிளாவே குச்சிகள் (அந்த வாக்கியத்துக்கும் கிளாவே என்றே பெயர்), மேலே பாட்டு. அடித்தள முரசையும் நடு முரசையும் தனித்தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். இரண்டின் திறந்த அடிகளும் மாறி மாறி விழும்போது ஒரு மெட்டு பிறக்கும். குவாகுவாங்கோவை அடையாளம் காட்டுவது அந்த மெட்டுதான். அது ஒரு ஆளிடம் இல்லை, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது.

இதற்கு அப்பால் கோயில் பக்கம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா வழிவந்த லுகுமி மக்களின் பத்தா முரசுகள் மூன்று: பெரியது இயா, நடுவது இதோதெலே, சிறியது ஒகோன்கோலோ. மடியில் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் வாசிப்பது. பெரிய வாய்க்கு எனு, சிறிய வாய்க்கு சாசா என்று பெயர். இயாவின் எனுவில் பிசின் போன்ற ஒரு பூச்சு இருக்கும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவை போடுகிற மாதிரி, ஒலியைக் கனமாக்கி மிதமிஞ்சிய ரீங்காரத்தை அடக்குவதற்காக. யொருபா மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். அதனால் சில இடங்களில் இயா சொற்களையே "பேசும்". இயா கூப்பிடும், இதோதெலே பதில் சொல்லும், ஒகோன்கோலோ அசையாமல் காலத்தைப் பிடித்திருக்கும். இவற்றோடு அபகுவா என்ற ஆண்கள் சகோதரத்துவத்தின் தாளங்களும், பெம்பே கொண்டாட்டத் தாளங்களும் உண்டு.

ஜாஸ் குழுவோடு இந்த உலகம் நேருக்கு நேர் சந்தித்த நிகழ்ச்சி மோங்கோவுக்கு முந்தியது. 1947 செப்டம்பர் 29-இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியின் பெரிய குழுவோடு கியூபக் காங்கா கலைஞர் சானோ போசோ வாசித்தார். அதே வருஷம் டிசம்பர் 30-இல் "மந்தேகா" பதிவானது. 1948 டிசம்பரில் ஹார்லெமில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழுவில் கியூபத் தாளம் பெரும்பாலும் அவர் தோளில்தான் இருந்தது. "மந்தேகா"வின் அமைப்பைக் கவனித்தால் அன்றைக்கு அவர்கள் கண்ட தீர்வு தெரியும். முதல் பகுதி அடுக்கடுக்கான தாள வாக்கியங்கள், நடுப்பகுதி வந்ததும் குழு ஸ்விங் என்ற ஜாஸின் சாய்ந்த நடைக்குப் போய்விடும், பிறகு திரும்பும். இரண்டு அறை, நடுவே ஒரு கதவு. தீர்வு நல்லதுதான், பாட்டும் பிரமாதம். ஆனால் ஸ்விங் பகுதியில் காங்காவுக்குப் பெரிதாக வேலை இல்லை.

மோங்கோ கண்ட வழி வேறு. இரண்டு கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டார்.

ஒரு புத்தகத்தில் பிழைப்பு: புவெந்தேயின் மாம்போ நடன இசை, ஜேடரின் கிளப் கச்சேரிகள். இன்னொன்றில் பெரும்பாலும் முரசும் பாட்டும். 1955-இல் வந்த "சாங்கோ" ஆல்பத்தில் பத்தாத்தோ வால்தேஸ், ஹூலித்தோ கோயாசோ போன்ற கியூப முரசுக் கலைஞர்களோடு முரசும் பாட்டும் மட்டும். 1957-இல் புவெந்தேயின் "டாப் பெர்கஷன்". பிறகு ஜேடரிடம் இருந்துகொண்டே பேன்டசி இசைத்தட்டு நிறுவனத்துக்கு "யாம்பு", "மோங்கோ". 1960-இல் ஹவானாவுக்குப் போய் உள்ளூர்க் கலைஞர்களோடு இரண்டு ஆல்பம்: ஒன்று நடனக் குழு, மற்றது மெர்சேதித்தாஸ் வால்தேஸ், கார்லோஸ் எம்பாலே பாடிய நாட்டார் பாடல்கள். 1962-இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடை வந்து அந்தப் பாதையை அடைத்துவிட்டது. நேரம் பார்த்துப் போய் வந்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருக்குக் கிடைத்த இன்னொரு வசதி, ஆட்கள். போசோவுக்கு இல்லாதது இது. வில்லி போபோ ட்ரம் செட்டும் டிம்பாலே என்ற குச்சியால் வாசிக்கும் ஜோடி முரசும் வாசிப்பார். மத்தான்சாஸ்காரரான பிரான்சிஸ்கோ அகுவாபெயா பத்தா தெரிந்தவர். 1950-களில் கேத்தரின் டன்ஹாமின் நடனக் குழுவோடு வெளியே வந்து பிறகு கலிபோர்னியாவில் தங்கிவிட்டவர். பேஸ் வாசித்த அல் மெக்கிபன் 1947-இல் கில்லஸ்பி குழுவில் போசோவுக்குப் பக்கத்திலேயே நின்றவர். நாட்டார் தாளம் என்ன கேட்கிறது என்று தெரிந்த ஜாஸ் பேஸ்காரர் கிடைத்தது பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த இரண்டு புத்தகமும் சந்தித்த இடம் "ஆப்ரோ புளூ". 1959 ஏப்ரலில் கார்மெல் நகரக் கச்சேரியில் ஜேடர் குழுவோடு முதலில் பதிவானது. அதே வருஷம் மோங்கோவின் சொந்த ஆல்பத்திலும் வந்தது. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இதில் புரிவது மற்ற எல்லாவற்றுக்கும் உதவும்.

ஒரு ஆவர்த்தனத்துக்குப் பன்னிரண்டு எண். காலால் நாலு தட்டு: 1, 4, 7, 10. அதாவது நாலு தகிட. அதே பன்னிரண்டில் பேஸ் ஆறு ஸ்வரம் வாசிக்கிறது: 1, 3, 5, 7, 9, 11. அதாவது ஆறு தக. 1-லும் 7-லும் மட்டும் இரண்டும் சேரும். மூன்றுக்கு இரண்டு என்ற இந்தக் குறுக்குக் கணக்கின் மேல் முழுப் பாட்டையும் உட்கார வைத்த முதல் ஜாஸ் பாட்டு என்று இதைத்தான் சொல்வார்கள். போபோ ட்ரம் செட்டின் ஸ்னேர் முரசின் மேல் பிரஷ் வைத்து ஒரு அபகுவா மணி வாக்கியத்தை வாசிக்கிறார். அது பன்னிரண்டை மூன்று தகதிமியாகப் பிரிக்கிறது: 1, 5, 9-இல் கனம் விழும். ஆக ஒரே நேரத்தில் நாலு, ஆறு, மூன்று. சடங்கில் மணிக்காரர் தனியாக ஒரு ஆள். இங்கே மணி ஸ்னேருக்குப் போய்விட்டது, அடி முரசின் பங்கு பேஸுக்குப் போய்விட்டது, பாட்டு புல்லாங்குழலுக்கு. மோங்கோவின் கைக்கு மிச்சம் இருப்பது உரையாடல் மட்டும். நான் சொன்ன கழித்தல் இதுதான்.

பழக ஒரு வழி. உட்கார்ந்து, ஒரு காலால் 1, 4, 7, 10 தட்டுங்கள். ஒரு கையால் தொடையில் ஆறு. அரை ஆவர்த்தனத்துக்குச் சொல் இப்படி வரும்: தா, இடைவெளி, த, கி, ட, இடைவெளி. "தா"வில் கையும் காலும் சேரும். "த" கை, "கி" கால், "ட" கை. அடுத்த அரையும் இதேதான். மெட்ரோனோமைத் தட்டுக்கு 60-இல் வைத்தால் போதும், ஆரம்பத்தில் அதைவிடக் குறைத்தாலும் தப்பில்லை.

தவறு நடக்கும் இடம் இரண்டு. ஒன்று, "தகிட" மூன்றையும் அவசரமாக ஒட்டிச் சொல்லிவிட்டு அடுத்த "தா"வுக்காகக் காத்திருப்பது. 3, 4, 5 மூன்றும் சம இடைவெளிதான். ஆனால் கையும் காலும் மாறி மாறி வருவதால் உடம்பு அதை ஒரே கொத்தாக எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று இதைவிட மோசம், கண்டுபிடிப்பதும் கஷ்டம்: கொஞ்ச நேரத்தில் கால் தன்னை அறியாமல் ஆறின் பக்கம் போய்விடும். பேஸ் சத்தமாக ஆறைத்தானே வாசிக்கிறது, காது சத்தத்தை நம்பும். அந்த நிமிஷத்தில் பாட்டு மூன்று தட்டு வால்ட்ஸ் ஆகிவிடும். சோதிக்க, கையை இரண்டு ஆவர்த்தனம் நிறுத்திவிட்டுக் காலை மட்டும் விடுங்கள். கால் தடுமாறினால் அது ஏற்கெனவே கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இது நிலைத்தபின் மணியைச் சேர்க்கலாம். பன்னிரண்டெண் மணி வாக்கியம்: 1, 3, 5, 6, 8, 10, 12. அதற்குள்ளேயே பன்னிரண்டெண் கிளாவே ஒளிந்திருக்கிறது: 1, 3, 6, 8, 10. முதல் பாதியில் மூன்று அடி, இரண்டாம் பாதியில் இரண்டு.

இதே பாட்டை 1963 அக்டோபரில் பேர்ட்லேண்ட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வாசித்த பதிவை இதோடு ஒப்பிடாமல் விடக்கூடாது. அவர் படிநிலையையே கவிழ்த்துவிட்டார். மோங்கோவிடம் காலுக்கு இரண்டு, குறுக்கே மூன்று. கோல்ட்ரேனிடம் மூன்றுதான் கால், அதாவது ஸ்விங் ஆகும் 3/4. இரண்டு குறுக்காக மிதக்கிறது. அவருடைய ட்ரம்மர் எல்வின் ஜோன்ஸ் அதை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பது தனிப் பாடம். சில வெளியீடுகளில் இயற்றியவர் பெயரும் கோல்ட்ரேன் என்றே தவறாகப் போனது. பலர் கோல்ட்ரேன் வழியாக வந்து, பாட்டை 3/4 என்றே எழுதிவைத்துக்கொண்டு, காங்காகாரரிடம் "இது வால்ட்ஸ்தானே" என்பார்கள். எந்த வடிவம் வாசிக்கப்போகிறோம் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது. நடுவில் மாற்ற முடியாது.

நாலெண் பாட்டுகளுக்கு வந்தால், காங்காவின் அன்றாடச் சோறு தும்பாவோ என்ற அடிப்படை வாக்கியம். எட்டு எண்ணில் (ஸ்லாப் என்பது வெடிப்பான அறை, ஓப்பன் என்பது ஒலிக்க விடும் திறந்த அடி): இடது உள்ளங்கை, இடது விரல், வலது ஸ்லாப், இடது விரல், இடது உள்ளங்கை, இடது விரல், வலது ஓப்பன், வலது ஓப்பன். ஸ்லாப் 3-இல், ஓப்பன் இரண்டும் 7, 8-இல். இடது கையின் ஐந்து அடியும் கடிகாரம் மாதிரி. கேட்க வேண்டியவை அல்ல, உணர வேண்டியவை. புதிதாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் அவற்றை ஸ்லாப் அளவுக்குச் சத்தமாக வாசிப்பார்கள். மூன்று ஒலியும் ஒன்றாகி மழை பெய்கிற மாதிரி இருக்கும், தாளம் எங்கே என்று பேஸ்காரருக்குத் தெரியாது. ஸ்லாப்புக்கு வேகம்தான் வேண்டும், பலம் வேண்டாம். கை லேசாகக் குவிந்து, விரல் நுனிகள் தோலைப் பிடித்து நிற்க வேண்டும். விரைப்பாக அறைந்தால் சத்தம் மரத்துப்போகும், மறுநாள் கை வீங்கும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது முரசைச் சேர்ப்பதில்தான் நாட்டார் பக்கம் உள்ளே வருகிறது. கிளாவேயைப் பதினாறு எண்ணில் பார்த்தால், சோன் கிளாவே 1, 4, 7, 11, 13. ரும்பா கிளாவே 1, 4, 8, 11, 13. மூன்றாவது அடி ஒரு எண் தள்ளி விழுவது மட்டும்தான் வித்தியாசம், ஆனால் நடையே மாறிவிடும். மூன்றடிப் பக்கத்தின் இரண்டாவது அடிக்கு பொம்போ என்று பெயர், 4-ஆம் எண். தாழ்ந்த தும்பாவின் ஓப்பனை இங்கே வைத்தால், ரும்பாவில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் மெட்டின் நிழல் ஒரு ஆளின் கையில் வரும். ஒவ்வொரு எட்டெண்ணிலும் வைத்தால் அது போய்விடும். இரண்டடிப் பக்கம் காலியாக இருந்தால்தான் மூன்றடிப் பக்கம் கேட்கும்.

பத்தாவைக் காங்காவுக்கு மாற்றும்போதும் இதே கேள்விதான். வழக்கமாக எனுவின் ஒலி ஓப்பன் ஆகும், சாசாவின் ஒலி ஸ்லாப் ஆகும். மூன்று பேர் இருந்தால் இயாவுக்குத் தும்பா, இதோதெலேவுக்கு நடுக் காங்கா, ஒகோன்கோலோவுக்குக் கின்தோ. ஆள் ஒருவர்தான் என்றால்? மூன்றையும் ஒரே கையில் பிடிக்க முயல்வது முதல் தவறு. எல்லா அடியும் வரும், உரையாடல் வராது. ஒகோன்கோலோவின் மாறாத வாக்கியத்தை ட்ரம்மரின் ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலுக்கோ மணிக்கோ கொடுத்துவிட்டு, இயாவின் அழைப்பையும் இதோதெலேயின் பதிலையும் இரண்டு முரசில் வைத்துக்கொண்டால் ஓரளவு நிற்கும். இயாவை மட்டும் எடுத்து மற்றதை விட்டால், கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆள் மாதிரி ஆகிவிடும்.

இங்கே ஒரு எல்லையும் சொல்ல வேண்டும். சடங்கு செய்து உள்ளே அன்யா என்ற தெய்வத்தை நிறுவிய பத்தா முரசுகள் கச்சேரிக்குரியவை அல்ல. அவற்றைத் தொடவே தீட்சை வேண்டும். மேடைக்கும் ஸ்டுடியோவுக்கும் அபெரிகுலா எனப்படும், சடங்கு செய்யாத முரசுகள்தான். 1930-களில் அறிஞர் பெர்னாந்தோ ஓர்த்திஸ் ஹவானாவில் பத்தாவை முதன்முதலாகப் பொதுமேடையில் அறிமுகம் செய்தபோதிலிருந்தே இந்தப் பிரிவு பேசப்படுகிறது. மோங்கோவும் அவரோடு வாசித்தவர்களும் காங்காவை நாடியதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு. காங்காவுக்கு மேடைத் தடை ஏதும் இல்லை.

இனி ஜாஸ் பக்கத்துச் சிக்கல்கள். முதலாவது பேஸ். ஜாஸ் பேஸ்காரர் நாலு தட்டிலும் நடப்பார், 1-ஐ அழுத்துவார். கியூபன் பேஸ் 1-ஐ விட்டுவிடும். எட்டெண்ணில் 4-லும் 7-லும் விழும். 7-இல் விழும் ஸ்வரம் அடுத்த அளவின் (bar, அதாவது நாலு தட்டு) கார்டுக்குரியது (chord, ஸ்வரக்கூட்டு), முன்கூட்டியே வந்துவிடும். பியானோகாரர் அடுத்த 1-இல்தான் கார்டை மாற்றினால், ஒவ்வொரு அளவின் கடைசியிலும் இரண்டு எண் உரசும். யாரோ தப்பாக வாசிக்கிறார்கள் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். யாரும் தப்பில்லை, இரண்டு பழக்கம் மோதுகிறது. ஒத்திகையில் பேஸையும் பியானோவின் இடது கையையும் மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் சரியாகும்.

இரண்டாவது, ஸ்விங். ட்ரம்மர் தொடர்ந்து தட்டும் ரைடு (ride) சிம்பலின் எட்டெண்கள் திஸ்ரத்தில் சாயும், காங்காவின் எட்டெண்கள் ஏறக்குறைய நேராக இருக்கும். இரண்டும் முழுவேகத்தில் ஓடினால் சேறு. வாசிப்பைக் குறைப்பதுதான் வழி. ஸ்லாப்பை இரண்டாம் தட்டில் ஹை-ஹாட்டோடு சேர்த்து, ஓப்பனை நாலாம் தட்டில் ஒன்றாகக் குறைத்து, இடது கையை அடக்கினால் சிம்பலுக்கு இடம் கிடைக்கும். இல்லையென்றால் பாட்டையே நேர் நடைக்குக் கொண்டுவர வேண்டும். மோங்கோ பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்தார்.

மூன்றாவது, கிளாவே கவிழ்வது. கிளாவே இரண்டு அளவு நீளம். பன்னிரண்டு அளவு புளூஸில் ஆறு கிளாவே, பிரச்சினை இல்லை. ஏழு அல்லது ஒன்பது அளவுள்ள பகுதி வந்தால், அடுத்த பகுதி தலைகீழாக ஆரம்பிக்கும். கிளாவேயை யாரும் நடுவில் திருப்புவதில்லை. மெட்டைத்தான் ஒரு அளவு கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டும், அது இசையமைப்பவர் வேலை. மோங்கோவின் குழுவில் நீண்டகாலம் அந்த வேலையைப் பார்த்தவர் டிரம்பெட் கலைஞர் மார்ட்டி ஷெல்லர். இரண்டு புத்தகமும் சண்டையில்லாமல் ஓடியதில் அவர் பங்கு அதிகம், பேச்சில் வருவது குறைவு.

"வாட்டர்மெலன் மேன்" வந்த விதம் இந்த இடத்தில் பொருந்தும். பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1962-இல் எழுதித் தன் முதல் ஆல்பத்தில் பதிவுசெய்த பாட்டு. மோங்கோவின் பியானோகாரராக இருந்த சிக் கொரியா விலகியபோது, ஒரு வாரக்கடைசிக்கு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஹான்காக் மாற்றாளாக வாசித்தார். அங்கே வந்திருந்த டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் அந்தப் பாட்டை வாசித்துக்காட்டச் சொல்ல, மோங்கோ காங்காவில் சேர்ந்துகொண்டார். ஒத்திகை இல்லாமலே ஏன் பொருந்தியது? பியானோவின் தாள வாக்கியம் நேர் நடையில், திரும்பத் திரும்ப வருவது, நிறைய இடைவெளி உள்ளது. பதினாறு அளவு, எட்டு கிளாவே, மிச்சம் இல்லை. தும்பாவோ போய் உட்காரக் காலி இடம் ஏற்கெனவே இருந்தது. கலக்க வேண்டிய வேலையே வரவில்லை.

அதன் விலையும் உண்டு. வெற்றிக்குப் பிறகு, கொலம்பியா நிறுவனக் காலத்தில், அப்போதைய பாப் பாட்டுகளையே காங்காவோடு மறுபதிவு செய்யும் வேலை அதிகமாகிவிட்டது. 1969-இன் "கிளவுட் நைன்" நன்றாக விற்றது. அந்தக் காலத்து ஆல்பங்களில் பல எனக்கு அலுப்பூட்டுபவை. ஆனால் ஒரு பெரிய குழுவுக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் போட்டது அந்த வரிசைதான் என்பதையும் மறுக்க முடியாது. 1970-களில் வாயா நிறுவனத்துக்கு வந்தபின் முரசுகள் மறுபடி முன்னுக்கு வந்தன.

முரசைப் பற்றிக் கொஞ்சம். மோங்கோ சிறுவயதில் பார்த்தவை ஆணியடித்த தோல். சுருதி ஏற்ற நெருப்பில் காட்ட வேண்டும். பாட்டுக்கு நடுவே இறங்கினால் இறங்கியதுதான். உலோக வளையமும் திருகும் போட்ட காங்காவோடு பத்தாத்தோ வால்தேஸின் பெயர் சேர்த்தே சொல்லப்படும். இந்த ஒரு மாற்றம் இல்லாமல் பியானோவோடு பொருந்தி இரண்டு மூன்று முரசை ஒருவர் வாசிப்பது நடக்காது. இன்றைய வழக்கமான வாய் அளவு: கின்தோ 11 அங்குலம், காங்கா 11¾, தும்பா 12½. காங்காவுக்கும் தும்பாவுக்கும் நடுவே நாலாம் ஸ்வர இடைவெளி வைப்பது பரவலான பழக்கம். மேலே ஸ வைத்தால் கீழே மந்தர ப. திருகும்போது எதிரெதிர்த் திருகாகக் கால் சுற்று, கால் சுற்றாகப் போங்கள். ஒரே பக்கம் ஏற்றினால் வளையம் சாய்ந்து தோல் நிரந்தரமாகக் கோணிவிடும். பேஸின் 7-ஆம் எண் ஸ்வரமும் காங்காவின் முதல் ஓப்பனும் ஒரே இடத்தில் விழுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். முரசு மிகவும் தாழ்ந்திருந்தால் அந்த அடி பேஸுக்குள் மறைந்துவிடும். வாசிப்பு சரியில்லை என்று தோன்றும், உண்மையில் சுருதிதான் சரியில்லை. மாட்டுத்தோலோ கோவேறு கழுதைத் தோலோ ஈரத்தில் தளரும், மேடை விளக்குச் சூட்டில் ஏறும். வாசித்து முடிந்ததும் தளர்த்திவிடாமல் மூடி வைத்தால் தோல் கிழியலாம், இல்லை மரம் விரியலாம். அடிப்பக்கம் தரையில் ஒட்டி நின்றால் கனமான ஒலி வெளியே வர வழியில்லை. ஸ்டாண்டில் வையுங்கள், அல்லது முரசை முன்னால் லேசாகச் சாய்த்து இடைவெளி விடுங்கள்.

கேட்கும் வரிசை கேட்டால் இப்படிச் சொல்வேன். முதலில் 1955 "சாங்கோ"வும் 1958-59 காலத்து "யாம்பு"வும். வாத்தியக் குழுவை எதிர்பார்க்காமல், ஒரு தடவை அடி முரசை மட்டும், அடுத்த தடவை மணியை மட்டும், மூன்றாம் தடவை கின்தோவை மட்டும் பிடித்துக் கேளுங்கள். பிறகு 1959-இன் "ஆப்ரோ புளூ". அந்த மணி ஸ்னேருக்குப் போயிருப்பதும், அடி முரசு பேஸுக்குப் போயிருப்பதும் அப்போதுதான் கேட்கும். அதன்பின் கோல்ட்ரேன், காலை நாலிலேயே வைத்துக்கொண்டு. முதல் நிமிஷத்துக்குள் கால் மூன்றுக்குப் போய்விடும். ஆரம்பத்திலிருந்து போட்டு, எந்த இடத்தில் போகிறது என்று பாருங்கள்.